அசல் தேவையில்லை

ஸ்கேனர் வாங்கப் போகிறவர்கள் முதலில் விலையைத்தான் பார்க்கிறார்கள். அது தப்பு. என்ன தாள், ஒரு பக்கம் எழுதியதா, இரண்டு பக்கமும் எழுதியதா என்றுதான் பார்க்க வேண்டும். முப்பத்திரண்டு வருடம் ஆவண அறையில் குப்பை கொட்டியவன் சொல்கிறேன்.

கண்ணாடியில் தாளைக் கவிழ்த்து வைக்கும் வகை எனக்குச் சரிப்படவில்லை. என் அக்கா மகள் பொடி எழுத்தில் இரண்டு பக்கமும் எழுதித் தள்ளுகிறவள். அதனால் தாளை உள்ளே இழுத்து, இருபுறமும் ஒரே மூச்சில் எடுக்கும் வகையைக் கேட்டேன்.

"இது கொஞ்சம் சத்தம் போடும் சார், பரவாயில்லையா?" என்றார் கடைக்காரர்.

"போடட்டும். வீட்ல அக்கா மட்டும்தான். அவங்களுக்குக் காது கேக்காது."

காது கேட்காததால்தான் மகள் வாராவாரம் கடிதம் எழுதினாள். "என்கூட வந்து இருந்துடும்மா" என்று அவள் எழுதியதைப் படித்த அன்றே அக்கா பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்தாள். நான் கல்யாணம் ஆகாதவன். அவளும் போய்விட்டால் "சாப்பிட்டியாடா" என்று கேட்க எனக்கு நாதியில்லை. பயந்துவிட்டேன். அதற்குப் பிறகு வந்த கடிதம் எதுவும் அவள் கைக்குப் போகவில்லை. அவள் எழுதிக் கொடுத்ததும் தபால் பெட்டிக்குப் போகவில்லை. 'நீ இங்கே வராதே' என்று மட்டும் அக்கா கையெழுத்தில் நானே ஒன்று எழுதிப் போட்டேன். அதற்கும் நகல் இருக்கிறது.

கிழித்து எறிந்திருக்கலாம். நான் அப்படிப்பட்டவன் இல்லை. எங்கள் ஆவண அறையில் ஒரு முறை உண்டு. ஸ்கேன் செய்து, எழுத்து தெளிவாக விழுந்திருக்கிறதா என்று சரிபார்த்து, 'அசல் தேவையில்லை' என்று பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் தாளை அரைக்கக் கொடுப்போம். வீட்டிலும் அப்படியே செய்தேன். சாயங்காலங்களில் ஒவ்வொன்றாகத் திறந்து படிப்பேன். எனக்கென்று யாரும் கடிதம் எழுதியதில்லை. 'அன்புள்ள அம்மா' என்று படித்தால்கூட மனசுக்கு இதமாக இருந்தது.

பிறகு அக்காவுக்கு எடுத்த பரிசோதனையின் ஆஸ்பத்திரி அறிக்கை தபாலில் வந்தது. மார்பில் கட்டி, ஆரம்ப நிலை, உடனே சிகிச்சை எடுத்தால் குணமாகிவிடும் என்று இருந்தது. சிகிச்சை மகள் இருக்கும் ஊரில். அங்கே போனால் திரும்பமாட்டாள். ஸ்கேன் செய்தேன். சரிபார்த்தேன். கையெழுத்துப் போட்டேன்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து ஏதாவது வந்துச்சாடா?" என்று கேட்டாள்.

'பயப்பட ஒன்றுமில்லையாம்' என்று தாளில் எழுதிக் காட்டினேன்.

"அப்பாடா" என்று சிரித்தாள். படுத்த படுக்கையான பிறகு, "அவதான் என்னை அடியோட மறந்துட்டா. நீயாவது இருக்கியே" என்று என் கையைப் பிடித்துக்கொள்வாள்.

ஆமாம், கட்டி அவளைக் கொல்லவில்லை, நான்தான் கொன்றேன். வாக்குமூலத்தில் தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: கடைசி எட்டு மாதத்தில் அக்காவை நான் ஒரு நாள்கூடத் தனியாக விட்டதில்லை.