படிக்கத் தெரியாதவர்கள் மட்டும்

காலை நாலேகால் மணி. ராத்திரியும் இல்லை, விடியலும் இல்லை. ஊரைத் தாண்டி ஒரு தார் ரோடு… இரண்டு பக்கமும் பொட்டல். விளக்குக் கம்பம் உண்டு, விளக்கு கிடையாது. அந்த ரோட்டில் தினமும் ஒரு வேன் போகும். ஜன்னல் கண்ணாடிக்கெல்லாம் உள்பக்கம் கறுப்புப் பெயிண்ட். எங்கே போகிறோம் என்று உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியக் கூடாது.

கிட்ட வந்து உட்காருங்கள். லாரி வர நேரமாகும். கரண்டும் வரப் போவதில்லை.

இது நம்ம பெயிண்டரின் சித்தப்பாவுக்கு நடந்தது. பெயிண்டர் இங்கேதான் இருக்கிறான். பொய் என்றால் சொல்லட்டும்.

“அந்தக் கதைன்னா நான் வெளியே போறேன்ப்பா.”

“போயேன். வெளியே மட்டும் என்ன, பகலா?” என்றார் கொத்தனார்.

பெயிண்டர் போகவில்லை. காலை இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டான்.

போன மாதம் டிவியில் சொன்னார்களே… வானத்திலிருந்து ஒன்று விழுந்திருக்கிறது, அதற்கு உயிர் இருக்கிறது, இனிமேல்தான் ஆராயப் போகிறோம் என்று. பச்சைப் பொய். நான் சொல்வது ஒன்பது வருஷத்துக்கு முந்தி. அப்போதே கட்டடம் கட்டி உள்ளே வைத்திருந்தார்கள். வாசலில் ‘விதைக் கிடங்கு’ என்று போர்டு.

அங்கே தரை கழுவுகிற வேலை. சித்தப்பாவைச் சேர்த்துவிட்டது அவருடைய மச்சான், சித்தியின் கூடப் பிறந்த அண்ணன். அந்த வேனுக்கு டிரைவர். “மாப்ளே, உள்ளே கைநாட்டு ஆளுங்களைத்தான் எடுப்பாங்க. உனக்குன்னே செஞ்ச வேலை,” என்றார்.

சித்தப்பா தலையாட்டினார். ஆனால் அவர் ஆறு மாதமாக மகளின் பழைய புத்தகத்தை வைத்து எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தார். நாற்பது வயதில் அ, ஆ… வெட்கம். யாரிடமும் சொல்லவில்லை, மச்சானிடம்கூட.

முதல் நாள் அதிகாரி ஒரு காகிதத்தை முகத்துக்கு நேரே நீட்டினாராம். ஒன்றும் கேட்கவில்லை. இவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். சித்தப்பா மனதுக்குள் கூட்டினார். உ… ன்… கா… ல… அதற்குள் காகிதத்தை மடித்துவிட்டார். “சரி, எடுத்துக்கலாம்.”

திரும்பும்போது வேனில்தான் மீதி எழுத்துகளை நினைவிலிருந்து கூட்டி முடித்தார். ‘உன் காலடியில் தேள்.’ சட்டென்று இரண்டு காலையும் சீட்டுக்கு மேலே தூக்கிவிட்டார்.

“என்னடா மாப்ளே?”

“எறும்பு மச்சான்.”

வேகமாகப் படித்திருந்தால் அன்றைக்கே வெளியே அனுப்பியிருப்பார்கள். மெதுவாகப் படித்ததால் உள்ளே போனார்.

உள்ளே நீள நடை. ஆறு கதவு. ஆறாவது கதவு இரும்பு. அதன் அடியிலிருந்து ஒரு வாடை வரும்… மழையில் நனைந்த ஆணியை வாயில் வைத்த மாதிரி. ஈரச் சாக்கை யாரோ இழுப்பது போல் ஒரு சத்தம். ஸ்ர்ர்… நிற்கும். ஸ்ர்ர்…

வேனில் பக்கத்து சீட்டில் ஒருவன் உட்காருவான். எப்போதும் விசிலடிப்பான், அதனால் பேரே விசில். சித்தப்பாவை அண்ணே என்பான், சித்தியை அண்ணி என்பான். ஒரு திங்கட்கிழமை அவன் வரவில்லை. “ஊருக்குப் போயிட்டான்,” என்றார் மச்சான். இரண்டு வாரம் கழித்து சித்தப்பா ஆறாவது கதவுக்கு முன்னால் தரை துடைத்துக்கொண்டிருந்தபோது… உள்ளேயிருந்து விசில். அதே பாட்டு. அதே இடத்தில் சுருதி பிசகல்.

கதவுக்குப் பக்கத்தில் ஓர் அட்டை தொங்கியது. படிக்கத் தெரியாதவர்கள்தானே என்று மறைக்கக்கூட இல்லை. துடைப்பத்தைத் தள்ளிக்கொண்டே தினம் ஒரு சொல் கூட்டினார். தலைப்பைப் படிக்கவே இரண்டு நாள் ஆனது. ‘உள்ளே அனுப்பப்பட்டவர்கள்.’

கீழே பெயர்கள். தேதிகள். விசிலின் நிஜப் பெயர் ஏழாவது. புதன்கிழமை எட்டாவது வரி புதிதாக இருந்தது. அந்தப் பெயரை மட்டும் அவர் கூட்டவே இல்லை, பார்த்தவுடனே தெரிந்தது. மகள் முதன்முதலில் எழுதிக் காட்டிய அப்பா பெயர் அது. பக்கத்தில் ‘வியாழன்’. அதற்குப் பக்கத்தில் ‘உறவினர் சம்மதம்’. அங்கே மச்சானின் கோணல் கையெழுத்து.

துடைப்பத்தைக் கீழே போடவில்லை. மீதித் தரையையும் துடைத்தார்.

திரும்பும்போது கேட்டார். “மச்சான், நாளைக்கு லீவு வேணும்.”

“நாளைக்கு மட்டும் கேக்காத மாப்ளே. வெள்ளிக்கிழமையிலேர்ந்து எவ்வளவு வேணாலும் எடுத்துக்க.” ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார். இறங்கும்போது ஒரு பிஸ்கட் பாக்கெட் நீட்டினார். “புள்ளைக்குக் குடு.” அதுவரை அந்தக் குழந்தைக்கு ஒரு மிட்டாய்கூட வாங்கித் தராத மனிதர்.

வீட்டில் சித்தி நம்பவில்லை. “எங்கண்ணனா? என்னை இடுப்புல தூக்கிச் சுமந்தவன்ங்க. உங்களுக்கு எழுத்து சரியா வரலை.”

வியாழன் நாலேகால். வேன் வந்தது. ஹாரன். சித்தப்பா கதவைத் தாழ்ப்போட்டு உள்ளேயே நின்றார். மச்சான் வந்து தட்டினார்.

“வா மாப்ளே… நேரமாச்சு.”

“அட்டையைப் படிச்சேன் மச்சான்.”

தட்டுவது நின்றது. மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அழுகிற குரல்.

“படிக்கத் தெரியும்னு ஒரு வார்த்தை சொன்னியாடா? உன்னை நம்பித்தானே எழுதிக் குடுத்தேன். இன்னைக்கு ஒரு ஆள் போயே ஆகணும். நீ வரலைன்னா நான்தான்… என்னை ஏமாத்திட்டியே மாப்ளே!”

தங்கச்சியின் புருஷனை விற்றவர், தான் ஏமாந்துபோனதாக அழுகிறார். அதைக் கேட்ட பிறகுதான் சித்தி நம்பினாள். வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு உட்கார்ந்துவிட்டாள். கதவைத் திறக்கவில்லை. வேன் போய்விட்டது.

அன்றைக்கே மூட்டை கட்டினார்கள். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு முதல் பஸ்.

வெள்ளி… நாலேகால். தெருமுனையில் அதே வேன் வந்து நின்றது. ஹாரன் இல்லை. என்ஜின் மட்டும் ஓடியது. விளக்கு வெளிச்சத்தில் டிரைவர் சீட்டில் மச்சான் உட்கார்ந்திருந்தார். அதே சட்டை. அதே வழுக்கை.

சித்திக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “நாலு வார்த்தை கேட்டுட்டு வரேன். இனிமே அவன் எனக்கு அண்ணன் இல்லை,” என்று விறுவிறுவென்று போனாள். சித்தப்பா ஜன்னலிலிருந்து பார்த்தார். வேன் கண்ணாடி இறங்கியது. இவள் கையை நீட்டித் திட்டினாள். திட்டிக்கொண்டே இருந்தவள், பாதியில் நிறுத்தினாள். நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு திரும்பிப் பார்க்காமல்… ஓடாமல்… மெதுவாக நடந்து வந்தாள். உள்ளே வந்து தாழ்ப்போட்டாள்.

“என்ன சொன்னான் உங்கண்ணன்?”

அவள் குழந்தைக்குக் கேட்காதபடி காதோரம் சொன்னாளாம்.

“மன்னிச்சிடுன்னு சொன்னான்… குரல் அவனோடதுதான். ஆனா என்னை… அண்ணின்னு கூப்பிடுறான்ங்க.”