மகாராணியின் விரல்கள்

“சர்க்கரை வேண்டாங்க இன்ஸ்பெக்டர் சார், டீ அப்படியே இருக்கட்டும். எங்க விட்டேன்? ஆங், ஜன்னல்.”

எங்கள் பள்ளியில் பதினொரு பிள்ளைகள். பேச்சு வராதவர்கள், நடை தாமதமானவர்கள். நான் அங்கே நர்ஸ். அணில் என்று நாங்கள் கூப்பிட்ட ஆறு வயதுப் பையனுக்கு ஜன்னலோரம்தான் இடம். கட்டையில் உரிந்து நின்ற பச்சைப் பெயிண்டைக் கிள்ளி வாயில் போட்டுக்கொள்வான். நானும் ஒருமுறை நாக்கில் வைத்துப் பார்த்தேன். லேசாகத் தித்தித்தது. அங்கே உட்கார்ந்தால் அவன் தலையைச் சுவரில் முட்டுவதில்லை.

சுகாதார அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாப் பிள்ளைகளின் இரத்தத்தையும் அனுப்புங்கள் என்று. முதல் ஊசியிலேயே அணில் என் மணிக்கட்டைக் கடித்தான். அதைப் பார்த்து மற்றவர்களும் அலறினார்கள்.

அசையாமல் இருந்தது மகாராணி என்ற சிறுமி ஒருத்திதான். மடியில் கைவைத்துக் கதவோரம் உட்கார்ந்திருப்பாள். எதையும் வாயில் வைக்கமாட்டாள். அவள் விரல்களிலிருந்தே பதினொரு குழாய்களையும் நிரப்பிப் பெயர் ஒட்டினேன். விரல் பத்துதானே, கட்டைவிரலை இரண்டு முறை குத்தினேன். அவள் சிரித்தாள்.

“என்ன சிஸ்டர், ஒரு சத்தத்தையும் காணோம்? மந்திரம் கிந்திரம் போட்டீங்களா?” என்றாள் ஆயா.

பதினொன்றும் சுத்தம் என்று முடிவு வந்தது. ஜன்னல் பெயிண்டைச் சுரண்ட யாரும் வரவில்லை.

இரண்டாவது முறை யோசித்துத்தான் செய்தேன். உண்மையான இரத்தம் போனால் அணிலை அங்கிருந்து எழுப்பிவிடுவார்கள். மறுபடியும் முட்டுவான்.

அவன் அம்மா ஒருநாள் கேட்டாள். “சிஸ்டர், போன வருசம் அம்மான்னு கூப்பிட்டான். இப்ப அதுவும் போச்சு. டெஸ்டு சரியாப் பாத்தாங்களா?”

“இந்தப் பிள்ளைங்க அப்படித்தாம்மா. வரும், போகும்” என்று காகிதத்தைக் காட்டினேன். கையெடுத்துக் கும்பிட்டாள்.

மூன்றாவது முறை குழாய்களை அனுப்பிய வாரம் அவனுக்கு வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் அவன் விரலையே குத்தினார்கள். இவ்வளவு ஈயத்தை எந்தப் பிள்ளையிடமும் பார்த்ததில்லை என்றாராம் டாக்டர்.

ஆமாம், எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன். ஆனால் அந்த முதல் ஊசிக்குப் பிறகு ஒரு பிள்ளையையும் நான் அழவிட்டதில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

“அவன் இன்னும் கண்ணு தெறக்கலையாமே. கட்டிலைச் சுவரோரமாப் போட்டிருக்காங்களாம். கொஞ்சம் ஜன்னல் பக்கமா நகர்த்தச் சொல்லுங்களேன், சார்.”