தண்ணீர்ச் சத்தம் கேட்டபின் திறக்கவும்

ஃபிலிம் சுருளைக் கருவாட்டுக்குப் பக்கத்தில் வைக்கக்கூடாது என்று இணையத்தில் எவனோ எழுதியிருக்கிறான். தாராளமாக வைக்கலாம். என் வீட்டு ஃப்ரிட்ஜில் மேல்தட்டில் ஃபிலிம், கீழ்த்தட்டில் நெத்திலிக் கருவாடு. ஆறு வருடமாக அப்படித்தான். படத்தில் மீன் வாடை அடிக்கிறது என்று இதுவரை ஒருவரும் எழுதிக் கேட்டதில்லை.

நேற்று நீங்கள் என் வீட்டில் அந்த ஃப்ரிட்ஜைத் திறந்துவிட்டு, "என்னங்கய்யா, இந்தக் காலத்துல போயி ஃபிலிமா?" என்று சிரித்தீர்கள். அதற்குப் பதில் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பெண் காவலர் வேகமாக எழுதுவாரா? நான் நிறுத்தி நிறுத்தித்தான் பேசுவேன். இரண்டாவது முறை சொல்ல மாட்டேன்.

இந்தக் காலத்தில்தான் மேடம் ஃபிலிம். காரைக்காலில் என் ஸ்டுடியோவை மூடி ஜெராக்ஸ் கடையாக மாற்றியபோது ஊரே எனக்கு இரங்கல் சொன்னது. இன்று பெங்களூரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளும், கொச்சியில் ஒரு பல் டாக்டர் அம்மாளும் என்னிடம் வரிசையில் நிற்கிறார்கள். ஒரு பெட்டியில் மூன்று டிரே, ஒரு டாங்க், தெர்மாமீட்டர், சிவப்பு பல்பு, நான் கையால் நிறுத்துக் கட்டிய பொட்டலங்கள்: படத்தை வரவைக்கும் டெவலப்பர், வந்த படத்தை நிலைக்கவைக்கும் ஃபிக்ஸர். அதை வாங்கி, குளியலறை ஜன்னலில் கறுப்புத் துணி அடித்து, வீட்டிலேயே பிரிண்ட் போடுகிறார்கள். முதல் படம் தண்ணீருக்குள் தெரிந்ததும் அழுதுவிட்டேன் என்று கடிதம் வருகிறது. அழட்டும். பொட்டலத்தில் எழுதியபடி சூடு பார்த்துக் கலக்கினால் எனக்குப் போதும்.

இந்த வியாபாரம் கிளாட்வினின் யோசனை. அவன் என் மனைவி அற்புதத்தின் தம்பி. கீழவாஞ்சூரில் லாரி எடைமேடையில் வேலை. மீதி நேரமெல்லாம் ஃபோனில் வீடியோ போட்டு ஆள் பிடிப்பான். வாய் அவனுடையது, கை என்னுடையது. அவனை எனக்குப் பிடிக்கும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், அடித்துவிட வேண்டாம். அற்புதத்தை அடக்கம் செய்த அன்று என்னைக் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்து, சட்டையைக் கழற்றி, தலையில் தண்ணீர் ஊற்றியவன் அவன்.

அற்புதம் அம்பகரத்தூரில் டீச்சர். தினமும் பஸ். கைப்பையில் சாப்பாட்டு டப்பாவோடு என் பழைய கேமரா ஒன்று இருக்கும். ஆறு வருடத்துக்கு முன் அவள் போனபோது அதற்குள் ஒரு சுருள் இருந்தது. முப்பத்தாறில் இருபத்து மூன்று எடுத்திருந்தாள். சுற்றி எடுத்து, ஒரு தகர டப்பாவில் போட்டு, அந்த மேல்தட்டில் வைத்தேன். அங்கே விற்பனைக்கு இல்லாத சுருள் அது ஒன்றுதான்.

அதில் என்னென்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது, ஒன்றைத் தவிர. கடற்கரையில் ஒரு சாயங்காலம் கேமராவைத் தம்பியிடம் கொடுத்து, "எங்க ரெண்டு பேரையும் சேத்து ஒண்ணு எட்றா, இவரு எப்பவும் கேமராவுக்குப் பின்னாடியேதான் நிக்கிறாரு" என்றாள். உண்மைதான். இந்த ஊரில் பாதிப் பேரின் கல்யாணப் படம் நான் எடுத்தது. என் கல்யாணத்துக்குப் பிறகு நானும் அவளும் சேர்ந்து நிற்கும் படம் என்று உலகத்தில் இருந்தது அது ஒன்று. அதுவும் கழுவாமல் ஒரு டப்பாவுக்குள்.

ஏன் கழுவவில்லை என்று கேட்காதீர்கள். கழுவினால் முடிந்துவிடும். முடியாத ஒன்று வீட்டில் இருக்கட்டும் என்று வைத்திருந்தேன். கிளாட்வின்தான் விடவில்லை. "அக்கா எடுத்தது அத்தான், இன்னும் எத்தன நாளைக்குப் பொத்தி வச்சிருப்பீங்க? எனக்கும் பாக்கணும்ல?" என்றான். கடந்த ஜனவரியில் அவள் பிறந்தநாள் அன்று சரி என்றேன்.

இங்கே தொழில் விஷயம் ஒன்று, கவனமாகக் கேளுங்கள். இருட்டறை என்றதும் எல்லோருக்கும் சிவப்பு விளக்கு ஞாபகம் வரும். அது பிரிண்ட் போடும் காகிதத்துக்கு மட்டும். காகிதத்துக்குச் சிவப்பு தெரியாது. ஃபிலிமுக்கு எல்லா நிறமும் தெரியும். ஃபிலிம் வெளியே இருக்கும்போது எந்த விளக்கும் கூடாது, கும்மிருட்டில் கையால் தடவித்தான் டாங்கில் போட வேண்டும். எங்கள் பெட்டியோடு போகும் தாளில் முதல் வரியே அதுதான். அந்தத் தாளை எழுதியவன் கிளாட்வின்.

அன்று அவனையும் உள்ளே நிற்க விட்டேன். அவனுக்கும் அக்காதானே. விளக்கை அணைத்தேன். சுருளை உடைத்து எடுத்தேன். பாதி சுற்றியிருப்பேன், டிக் என்று ஒரு சத்தம். அறை சிவந்தது. அவன் ஒரு கையில் ஃபோன், ஒரு கை சுவிட்சில்.

"அணைடா" என்று கத்தினேன்.

"ரெட் லைட்டுதானே அத்தான்? அக்கா படம் வெளிய வர்றத எல்லாரும் பாக்கட்டுமேன்னு..."

சொல்லி முடித்துவிட்டுத்தான் அணைத்தான். மூன்று விநாடி. நான் மீதியைச் சுற்றினேன். கழுவினேன், ஃபிக்ஸரில் போட்டேன், வெளியே எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்தேன். காக்கை இறகு மாதிரி முழுக்கக் கறுப்பு. குப்பைக்கூடையில் போட்டேன். அவன் தரையில் உட்கார்ந்து அழுதான். நான் அழவில்லை. சோறு போட்டேன். மத்தி மீன் குழம்பு. இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

ஒரு வாரம் கழித்து ஒரு தாழ்ப்பாளும் ஒரு அட்டையும் வாங்கிக்கொண்டு வந்தான். தாழ்ப்பாளை இருட்டறைக் கதவின் வெளிப்பக்கம் அவனே அடித்தான். உள்ளே ஒருவர் வேலை செய்தால் வெளியே இருப்பவர் அதைப் போட்டுவிட வேண்டும், யாரும் தவறிப்போய்த் திறந்துவிடாதபடி. உள்ளே போகிறவர் சட்டைப்பையில் இருப்பதையெல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வெளியே வைத்துவிட வேண்டும், ஃபோன் உள்ளே போகாதபடி. அட்டையில் தன் கையாலேயே எழுதி ஒட்டினான்: தண்ணீர்ச் சத்தம் கேட்டபின் திறக்கவும்.

அதற்கு அர்த்தம் சொல்கிறேன். பிரிண்ட் டெவலப்பரில் கிடக்கும், ஃபிக்ஸரில் கிடக்கும். அதுவரை வெளிச்சம் பட்டால் போச்சு. கடைசியாக ஓடும் தண்ணீரில் அலசுவோம். அலச ஆரம்பித்துவிட்டால் வேலை முடிந்தது, சூரியனையே உள்ளே கூப்பிடலாம். ஆகவே குழாய்ச் சத்தம் கேட்கும்வரை கதவைத் தொடக்கூடாது. என் சட்டமில்லை மேடம், அவன் போட்ட சட்டம். அட்டை இன்னும் அங்கே இருக்கிறது. கையெழுத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அதன்பிறகு ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் வருவான். ஏதோ சொந்தமாகப் பிரிண்ட் போடுகிறான் என்று நினைத்தேன். கேட்கவில்லை. நாங்கள் பொட்டலக் கணக்கைத் தவிர வேறு பேசுவது நின்றிருந்தது.

ஆகஸ்டில் அந்த ஞாயிற்றுக்கிழமை. முதல் வாக்குமூலத்தில் நான் மீன் வாங்கப் போயிருந்தேன் என்றேன். போகவில்லை. கிளாட்வின் பத்து மணிக்கு வந்தான். ஃபோன், வாட்ச், வண்டிச் சாவி, நீல நிற இன்ஹேலர், எல்லாவற்றையும் டப்பாவில் போட்டு என்னிடம் தந்தான். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு இழுப்பு உண்டு. ஃபிக்ஸர் வாடை ஆகாது, ஆனாலும் காற்றை இழுத்துப்போடும் ஃபேன் ஓடினால் சமாளித்துவிடுவான். "இன்னைக்கு ஒண்ணு காமிக்கிறேன் அத்தான், செத்த பொறுங்க" என்றான். உள்ளே போனான். நான் தாழ்ப்பாளைப் போட்டேன். பிளாஸ்டிக் ஒயர் நாற்காலியைக் கதவருகே போட்டு, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பத்தே முக்காலுக்கு இருமல் கேட்டது. பிறகு கதவைத் தட்டினான்.

"அத்தான், தெறங்க. அக்கா வந்துட்டா."

அப்படிப் பேச அவனுக்கு என்ன உரிமை? அவளை மூன்று விநாடியில் கறுப்பாக்கியவன் அவன். ஃபேன் சுவிட்ச் வெளியே என் தலைக்கு மேலே இருக்கிறது. ஃபேன் இரைச்சலில் தண்ணீர்ச் சத்தம் சரியாகக் கேட்காது. சட்டப்படி நான் அதைக் கேட்டாக வேண்டும். ஆகவே ஃபேனை நிறுத்தினேன்.

மறுபடி தட்டினான். "இன்ஹேலர்... டப்பால இருக்கு... குடுங்கத்தான்." டப்பாவைத் திறந்து பார்த்தேன். இருந்தது. மூடினேன்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு அன்று ஆத்திரமே இல்லை. ஜனவரியில் நான் உள்ளே இருந்து கத்தினேன், வெளிச்சத்தை அணைக்க அவனுக்கு மூன்று விநாடி ஆனது. இப்போது அவன் உள்ளே இருந்து கூப்பிட்டான், எனக்குக் கொஞ்சம் அதிகம் ஆனது. அவ்வளவுதான் வித்தியாசம். பதினொன்றேகால் வாக்கில் தட்டுவது நின்றது. கோயிலில் பன்னிரண்டு மணி அடித்ததும் எழுந்து தாழ்ப்பாளைத் திறந்தேன். டப்பாவை அலமாரியில் வைத்துவிட்டு, பக்கத்து வீட்டைக் கூப்பிட்டேன்.

இதை நான்தான் செய்தேன். யாரும் தூண்டவில்லை. மன்னிப்புக் கேட்கவும் இங்கே வரவில்லை. என்னிடம் இருந்த ஒன்றை ஒருவன் அழித்தான், நானும் ஒன்றை அழித்தேன். கோர்ட்டில் இதையே சொல்வேன், ஃபாதர் வந்து கேட்டாலும் இதையே சொல்வேன்.

அப்படியென்றால் இரண்டு மாதம் சும்மா இருந்துவிட்டு இன்று ஏன் வந்தேன்? நேற்று நீங்கள் ஒரு உறையைப் பிரித்துக் காட்டினீர்களே, அதனால்தான். அலசும் தொட்டியின் வடிகால் வாயில் ஒட்டிக்கொண்டிருந்தது என்று சொல்லி ஒரு படத்தை மேசைமேல் வைத்தீர்கள்.

கடற்கரை. மாலை. அற்புதம் என் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருக்கிறாள். நான் கேமராவைப் பார்க்காமல் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவள் வாயைத் திறந்து எதையோ சொல்கிறாள். மழைத்தூறலுக்குப் பின்னால் இருந்து பார்ப்பதுபோலப் படம் முழுக்கப் புள்ளி, ஆனாலும் முகம் இருக்கிறது. நெற்றியில் அந்த அம்மைத் தழும்பு கூட இருக்கிறது.

கிளாட்வினின் மனைவி சில்வியா உங்களிடம் சொன்னதாகச் சொன்னீர்கள். என் குப்பைக்கூடையிலிருந்து அவன் அந்த ஃபிலிமைப் பொறுக்கிக்கொண்டு போனானாம். சுருளின் உள்சுற்றில் வெளிச்சம் கொஞ்சம் குறைவாகப் பட்டிருக்கும், அது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். முப்பது வருடத் தொழிலில் இருப்பவன் நான், தூக்கி எறிந்தேன். அவன் அந்தக் கறுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, ஏழு மாதம் ஞாயிறுதோறும் பிரிண்ட் போட்டுப் பார்த்திருக்கிறான். அன்றுதான் படம் வந்திருக்கிறது.

நல்ல பிரிண்ட். கொஞ்சம் சாம்பல் அடிக்கிறது, ஆனால் அவசரம் இல்லை, கறை இல்லை. ஃபிக்ஸரில் முழு நேரமும் கிடந்திருக்கிறது. வழக்கு முடிந்ததும் அது எனக்கு வேண்டும். சில்வியா கேட்டாலும் கொடுக்காதீர்கள். அது என் மனைவி படம்.

இன்று காலை எழுத உட்காருமுன் இதையெல்லாம் வாயால் சொன்னபோது, அவன் என்ன பிரிண்ட் போடுகிறான் என்று தெரிந்திருந்தால் திறந்திருப்பீர்களா என்று கேட்டீர்கள். திறந்திருப்பேன். உடனே திறந்திருப்பேன். படத்துக்காக.

கடைசியாக இன்னொன்று கேட்டீர்கள், "அவ்வளவு பக்கத்துல ஒக்காந்திருந்தீங்க, தண்ணி சத்தம் ஒங்களுக்குக் கேக்கவே இல்லையாய்யா?" என்று. கேட்கவில்லை என்றேன். கேட்டிருந்தால் சட்டப்படி திறந்திருப்பேன் என்றும் சொன்னேன். அந்த இரண்டு வரியை மட்டும் இப்போது மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்.

ஃபேனை நிறுத்தியதும் குழாய்ச் சத்தம் தெளிவாகக் கேட்டது. அவன் தட்டுவதற்கு முன்பே திறந்துவிட்டிருக்கிறான். அந்தக் கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை அடித்திருக்கிறேன். வெளிச்சம் வராது, தண்ணீர் வரும். தொட்டி நிரம்பி வழிந்து, பதினொன்றரைக்கு அது நாற்காலிக்கு அடியில் வந்துவிட்டது. செருப்பு நனையக்கூடாது என்று இரண்டு காலையும் தூக்கி மேலே வைத்துக்கொண்டேன்.