பூசணியை வெட்டியது தொடர்பாக

என் பெயரை அடையாள அட்டையைப் பார்த்து எழுதிக்கொள்ளவும். அதிலுள்ள எழுத்துப்பிழை என்னுடையதல்ல. வயது முப்பத்தொன்று. மாடி வீட்டில் குடியிருக்கிறேன். எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று பேருந்து நிலைய ஒலிபெருக்கியில் அறிவிப்பது என் வேலை. பிரசவ விடுப்பு முடிந்து வருகிற திங்கட்கிழமை பணியில் சேர வேண்டும். என் கணவர் சரக்கு லாரி ஓட்டுநர், இப்போது வெளியூரில் இருக்கிறார். எங்களுக்கு ஏழு மாத ஆண் குழந்தை. மொட்டைமாடி அறையில் என் கணவரின் தம்பி இருக்கிறார், பஞ்சர் கடை வைத்திருக்கிறார். பிறந்ததிலிருந்தே உருண்டையாக இருப்பதால் அவரைப் பூசணி என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய உடல் என் வீட்டு ஃப்ரீசரில் இருப்பதாகக் கீழ்வீட்டுக்காரர் கொடுத்த புகாரின் பேரில் என்னை விசாரிக்கிறீர்கள். அது குறித்து நான் சொல்வதாவது:

குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்ததும் வீட்டிலேயே உணவு தயாரித்துக் கொடுக்க ஆரம்பித்தேன். உருளைக்கிழங்கு கொடுத்தேன், துப்பினான். கேரட் கொடுத்தேன், என் முகத்தில் துப்பினான். ஆப்பிளை வேகவைத்துக் கொடுத்தேன், வாயையே திறக்கவில்லை. அதன் பிறகு ஒருநாள் பூசணிக்காயை மசித்து வைத்துவிட்டு, துணி காயப்போடப் போனதால் என் மைத்துனரை ஊட்டச் சொன்னேன். திரும்பி வந்து பார்த்தபோது கிண்ணம் காலி. அன்று முதல் மசிப்பது நான், ஊட்டுவது அவர் என்று ஆனது. என் மகனுக்குப் பூசணி என்றால் உயிர் என்று பார்ப்பவர்களிடம் எல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான் வேலைக்குப் போனால் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்துத் தெருப் பெண் ஒருவர் ஒப்புக்கொண்டிருந்தார். சாப்பிடாத பிள்ளையை மட்டும் தன் தலையில் கட்டக் கூடாது என்பது அவருடைய ஒரே நிபந்தனை. இதற்கிடையில், விடுப்பில் என் இடத்தில் உட்கார்ந்திருக்கும் பெண் என் மேஜையில் தன் பிள்ளைகளின் படத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டதாகக் கேள்வி. அதனால் திங்கட்கிழமைக்குள் குழந்தைக்கான உணவைத் தயார்செய்து அடுக்கிவிட வேண்டும் என்று எனக்கு ஒரே பதற்றமாக இருந்தது.

வியாழக்கிழமை மாலை என் மைத்துனர் கிண்ணத்துக்குப் பக்கத்தில் தேன் பாட்டிலைத் திறந்துகொண்டிருப்பதைப் பார்த்தேன். ஒரு வயது முடியும்வரை குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. "ஒரு சொட்டு உள்ள போச்சு, உன்னைத் துண்டு துண்டா நறுக்கிடுவேன்" என்று கத்தினேன். என் குரல் தொழில்முறைக் குரல் என்பதால் தெருக்கோடிவரை கேட்டிருக்கும். "இனிமே என் புள்ளையைத் தொடாதே" என்றும் சொன்னேன். முதலில் சொன்னது சரி, இரண்டாவதாகச் சொன்னது அதிகப்படி. அவர் தேன் பாட்டிலை மூடி வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார். அதன் பிறகு வீட்டுக்கு வரவில்லை, தொலைபேசியையும் அணைத்துவிட்டார். இறங்கிப் போய்த் தேட எனக்கு ரோஷம் விடவில்லை.

வெள்ளிக்கிழமை குழந்தை பூசணிக்காய் மசியலையும் துப்பினான். காய் பழையது, நீர்த்துப்போய்விட்டது என்று முடிவு கட்டி, கடையில் இருந்ததிலேயே பெரிய காயாக வாங்கி வந்தேன். அதன் பிறகு சனிக்கிழமை காலை அதை வெட்டிச் சமைத்து முடித்து, அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். நான் சொன்னது இதுதான்:

"பூசணியை ஒருவழியா முடிச்சாச்சுக்கா. கத்தி இறங்கவே இல்ல, சுத்தியலால ஒரு போடு போட்டுத்தான் பொளந்தேன். தோலை உரிச்சு, வேக வச்சு, மசிச்சு, சின்னச் சின்ன டப்பால போட்டு ஃப்ரீசர்ல வச்சிட்டேன். அவர் வர்றதுக்குள்ள பாதி காலியாயிடும்."

கீழ்வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தட்டச்சர். காதில் விழுந்ததை ஒரு எழுத்து பிசகாமல் உங்களிடம் ஒப்பித்திருக்கிறார். அந்த வகையில் அவர் மேல் எனக்குக் குறையில்லை.

அதன் பிறகு உதவி ஆய்வாளரும், இதை எழுதிக்கொண்டிருக்கும் பெண் காவலரும் வீட்டுக்கு வந்தார்கள். பூசணி எங்கே என்று ஆய்வாளர் கேட்டார். ஃப்ரீசரில் என்று சொன்னேன். காவலர் ஃப்ரீசரைத் திறந்து டப்பாக்களைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்கு ஓடினார். எத்தனை மாதம் என்று கேட்டேன், நான்கு என்றார். அதன் பிறகுதான் ஆய்வாளர் கேட்டது காயை அல்ல, ஆளை என்று எனக்கு விளங்கியது. விளக்கிச் சொன்னேன். மைத்துனரின் நிஜப் பெயரைக் கேட்டார். எவ்வளவு யோசித்தும் அந்த நேரத்தில் எனக்கு அது நினைவுக்கு வரவில்லை.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிற வேலை எல்லாம் வேணாம்மா" என்றார் ஆய்வாளர். சோற்றில் இல்லை, டப்பாவில் என்றேன். இதை நான் சொல்லியிருக்க வேண்டாம்.

அதன் பிறகு என்னையும் குழந்தையையும் டப்பாக்களையும் ஜீப்பில் ஏற்றி நிலையத்துக்குக் கொண்டுவந்தார்கள். டப்பாக்களை மேஜைமேல் ஃபேனுக்கு அடியில் வைத்தார்கள். உருகினால் மறுபடி உறைய வைக்கக் கூடாது, எல்லாம் வீணாகிவிடும், திங்கட்கிழமை என் வேலைக்கே உலை என்று கெஞ்சினேன். அவை சாட்சிப்பொருள் என்று பதில் வந்தது. என் கண்முன்னால் அத்தனையும் உருகின. எனக்கு அழுகை வந்தது, அதைப் பயம் என்று எழுதியிருந்தால் அடித்துவிடவும்.

இந்த நேரத்தில் பெண் காவலருக்கு யாரோ அரைவேக்காட்டு முட்டை வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார்கள். வேண்டாம் என்று தடுத்தேன். வயிற்றுப்பிள்ளைக்காரி சாப்பிடும் முட்டையில் மஞ்சள் கரு கெட்டியாகும்வரை வேக வேண்டும், கடையில் வெட்டித் திறந்து வைத்த பழம் கூடாது, ஆறிய சோற்றை ஆவி பறக்கச் சூடுபண்ணாமல் தொடக் கூடாது என்று சொன்னேன்.

"அக்கா, இதையும் எழுதணுமா?"

"உனக்குத்தானே, எழுதிக்கோ" என்றேன்.

"இங்க யாரு யாரை விசாரிக்கிறாங்க?" என்று ஆய்வாளர் கேட்டார்.

அதன் பிறகு நிலைய வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. என் மைத்துனர் கையெல்லாம் கிரீஸோடு உள்ளே ஓடிவந்தார். நண்பனின் கடையிலேயே படுத்துக் கிடந்திருக்கிறார். தான் செத்துவிட்டதாக டீக்கடையில் பேசிக்கொண்டதைக் கேட்டுப் பயந்து வந்திருக்கிறார்.

"யாருய்யா நீ?" என்றார் ஆய்வாளர்.

"நான்தான் சார் பூசணி. அண்ணி என்னை வெட்டல சார், திட்டத்தான் செஞ்சாங்க."

உயிரோடு அவரைப் பார்த்ததும் எனக்குக் கோபமும் சந்தோஷமும் சேர்ந்தே வந்தன. முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னேன். அதற்குள் குழந்தை என் இடுப்பிலிருந்து அவரிடம் தாவினான், அவர் முகத்தைப் பார்த்து வாயை ஆவென்று திறந்தான். கொடுக்க ஒன்றுமில்லை, டப்பாக்களுக்குச் சீல் வைத்தாகிவிட்டது. பெண் காவலர் அன்று காலை தனக்கென்று உப்பில்லாமல் வேகவைத்த உருளைக்கிழங்கை எடுத்துக் கொடுத்தார். வேறு எதுவும் அவர் வயிற்றில் தங்குவதில்லையாம். அதை நிலைய அடுப்பில் நன்றாகச் சூடாக்கி, ஆறவிட்டு, கட்டியில்லாமல் மசித்தேன். உருளைக்கிழங்கைத்தான் முதலில் துப்பினான், இதுவும் வீண் என்று சொன்னேன்.

என் மைத்துனர் கரண்டியை எடுத்தார். குழந்தைக்கு ஊட்டுவதற்கு முன் தன் வாயை அகலமாகத் திறந்து, புருவத்தைத் தூக்கி, "ஆ" என்றார். குழந்தையும் திறந்தான், விழுங்கினான். மறுபடி ஆ, மறுபடி விழுங்கினான். கிண்ணத்தை வழித்த பிறகும் திறந்த வாயை மூடவில்லை. நிலையத்தில் இருந்த எல்லோரும், ஆய்வாளர் உட்பட, தங்களை அறியாமல் வாயைத் திறந்துகொண்டு நின்றார்கள்.

அவர் ஊட்டுவதை நான் முழுதாகப் பார்த்தது இதுதான் முதல் முறை. இத்தனை நாளும் சுத்தியலால் பிளந்து, வேகவைத்து, கை வலிக்க மசித்ததெல்லாம் தண்டம் என்று அப்போதுதான் உறைத்தது. தொடாதே என்று சொன்னதற்காக எல்லார் முன்னாலும் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர், "திங்கக்கிழமை பையனைக் கடைக்குத் தூக்கிட்டுப் போகட்டுமா அண்ணி?" என்றார். கடைக்கு வேண்டாம், நான் வரும்வரை வீட்டிலேயே இரு, கடையைச் சாயங்காலம் திற என்றேன். சரி என்றார்.

புகார் கொடுத்தவர் மேல் நடவடிக்கை எதுவும் வேண்டாம். உருகிய டப்பாக்களைத் திருப்பித் தர வேண்டாம், தயவுசெய்து யாரும் சாப்பிடவும் வேண்டாம். காவலருக்கு உடனே சூடாக ஏதாவது சமைத்துக் கொடுக்க ஏற்பாடு செய்யவும்.

மேலே எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். ஒன்றை மட்டும் கடைசியில் சேர்க்கச் சொன்னேன்: என் மகன் பூசணி இல்லாமல் சாப்பிட மாட்டான். இங்கே ஆளைச் சொல்கிறேன், காயை அல்ல. மற்றபடி நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது; எல்லாம் நிஜம், யாருடைய வற்புறுத்தலும் இல்லை என்று அறிந்து கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)