மீன் எண்ணெய் கிரீமும் அக்காவின் மாப்பிள்ளையும்

எனக்குப் பூனைகள் மீது எந்தக் கோபமும் இல்லை, பெரியப்பா. கூப்பிடாமல் மண்டபத்துக்கு வந்தவைதான். ஆனாலும் அன்றைக்குக் கேக்கை மனதாரச் சாப்பிட்டவை அவை மட்டும்தான்.

நீங்கள் விவரம் கேட்டதால் சொல்கிறேன். எண்ணெய்த் தொழிற்சாலையில் என் வேலை மீன் எண்ணெயைத் திருத்துவது. ஒமேகா-3 நிறைந்த சரக்கு, இதயத்துக்கு நல்லது; ஆனால் தண்ணீராக ஓடும், ரொட்டியில் தடவ முடியாது. அதோடு கெட்டிக் கொழுப்பைச் சேர்த்து ஒரு நொதியை, என்சைம் என்பார்களே, அதை விட்டால், அது இரண்டிலிருந்தும் கொழுப்பு அமிலங்களை வெட்டி, இடம் மாற்றி ஒட்டிவைக்கும். வெண்ணெய் மாதிரி கிரீம் கிடைக்கும். அந்த நொதி சம்பளம் கேட்காது, லீவு கேட்காது, யாரைப் பற்றியும் புறம் பேசாது. அப்படி ஒரு பிள்ளை நம் குடும்பத்தில் உண்டா, நீங்களே சொல்லுங்கள்.

வேலை முடிந்ததும் சூடேற்றி அதைக் கொன்றுவிட வேண்டும் என்பது விதி. எனக்கு மனம் வரவில்லை. மாடாக உழைத்த ஜீவனைக் கொதிக்கவைத்துக் கொல்வதா? அது உயிரே இல்லை, வெறும் புரதம் என்று மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார். என் கிரீமை மோந்துகூடப் பார்க்காமல், இதை மனுஷன் தின்பானா என்றும் கேட்டார். அது சுருக்கென்று தைத்தது.

அதனால் கிரீமை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அக்கா கல்யாணக் கேக்கைச் செய்கிற பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று சொன்னாள்.

"டேய், அவருக்கு மீன் வாடையே ஆகாதுடா. மீன் கடை இருக்கிற தெருவுலகூட நடக்க மாட்டார். இந்த ஒரு நாள் மட்டும் உன் ஆராய்ச்சியை மூட்டை கட்டி வச்சிடு."

சரி என்று தலையாட்டினேன். அவ்வளவு கூர்மையான மூக்கு எங்கள் தொழிற்சாலையில் ஒருவருக்கும் கிடையாது.

ஒன்றை மட்டும் மறந்துவிட்டேன். ஈரம் பட்டால் இந்த நொதி வெட்டிக்கொண்டே போகும், திரும்ப ஒட்டாது. வெட்டுப்பட்டதெல்லாம் நாற ஆரம்பிக்கும். நானோ கிரீமில் பழச்சாறு ஊற்றி அடித்துவைத்தேன். கொல்லாமல் விட்ட என் உழைப்பாளி விடிய விடிய வெட்டித் தள்ளிவிட்டது.

மோதிரம் மாற்றுவதற்கு முன்னாலேயே கேக்கை வெட்டிவிடலாம், எல்லோரும் பசியோடு இருக்கிறார்கள் என்று யோசனை சொன்னவனும் நான்தான். மாப்பிள்ளை முதல் துண்டை வாயில் போட்டார். வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினவர்தான், இன்னும் திரும்பவில்லை. அவருடைய அம்மா, பிள்ளைக்கு விஷம் வைத்துவிட்டோம் என்றார். அக்கா அன்றிலிருந்து அறைக் கதவைத் திறக்கவில்லை. எனக்கும் வருத்தம்தான்.

வேண்டுமென்றே செய்தாயா என்கிறீர்கள். சத்தியமாக இல்லை. கெட்டுப்போனது காலையிலேயே தெரியும். பாத்திரத்தைத் திறந்ததும் எனக்கே குமட்டியது. அதனால்தான் நான் ஒரு துண்டும் தொடவில்லை. மாப்பிள்ளைக்கு மட்டும் கொஞ்சம் பெரிதாகவே வெட்டினேன், மேனேஜர் சொன்னதை அவராவது பொய்யாக்குவார் என்று. ஒரு துண்டு கேக்குக்கே ஓடுகிறவர் அக்காவைக் காலம் முழுக்க எப்படி வைத்துக் காப்பாற்றுவார்? யோசித்துப் பார்த்தால் அவளுக்கு நான் நல்லதுதான் செய்திருக்கிறேன், பெரியப்பா.