வலையைச் சுற்றிப் போகும் பாதை

அவைத்தலைவர் சேக் அலாவுதீன் ஐயா அவர்களே, திருவேட்டக்குடிப் பெரியோர்களே, மீன்கூடையை இறக்கிவைத்த கையோடு ஓடிவந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் தாய்மார்களே, இன்று வெளியாகும் நாவலைப் பெற்றெடுத்த தோழி பங்கஜவல்லியே, வணக்கம்!

உலகம் முடிந்துபோன ஒரு காலத்தைத் தோழி எழுதியிருக்கிறார். அரசு இல்லை, அங்காடி இல்லை, அடுப்பில் நெருப்பும் இல்லை. கடல் ஏறி வருகிறது. கைக்குழந்தையோடு ஒருத்தி தப்பி ஓடுகிறாள். எதிரே நேரான தார்ச்சாலை. அதில் போனாளா? இல்லை! மணல்மேட்டில் ஆளற்றுக் கிடக்கும் வலைகளைக் காலால் தாண்டாமல் சுற்றிச் சுற்றி நடக்கிறாள். வலையைத் தாண்டுவதில்லை என்பது இந்தக் கரையின் வழக்கமல்லவா?

கைப்பிரதியை முதலில் படித்தவள் நான். திருநள்ளாற்று வயல்காட்டில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள். ‘உயிர் போகும் நேரத்தில் இது எதற்கு? நேரே ஓடவிடு’ என்று எழுதி அந்தப் பக்கத்தையே அடித்தேன். பங்கஜவல்லி சொன்னார்: "நீ அடிச்சிக்க. நான் எடுக்க மாட்டேன்."

சென்ற ஐப்பசிப் புயலில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. கணவர் ஊரில் இல்லை. மூன்று வயது மகளைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கே ஓடினேன்? அதே நேரான சாலைக்கு! இடுப்பளவு வெள்ளம் இழுத்தது. மேட்டிலிருந்து ஒரு குரல்:

"அடியே, அங்க எங்க போற? மதகு ஒடஞ்சி கெடக்கு! மேட்டுல ஏறு!"

"வலையா கெடக்கே அக்கா!"

"சுத்தி வா! படிச்ச புள்ளைக்கு இத வேற சொல்லணுமா?"

யார் அது? இதோ சிரிக்கிறாரே, பூங்கொடி அக்கா! சிரிங்க அக்கா, உங்களுக்கு இல்லாத உரிமையா?

சுற்றினேன். அந்த வளைவு முழுக்க வெள்ளம் கணுக்காலைத் தாண்டவில்லை. ஏன்? வலை உலர்த்த நம்மவர் தேர்ந்தது ஊரிலேயே உயர்ந்த மேடு!

நேர்கோட்டை இயந்திரம் போடும். வளைவை யார் போடுவார்? கூடை சுமந்த கால்கள் போடும்! மீன் ஏலத்துக்கு விரைந்த கால்கள் போடும்! பிறர் உழைப்பை மிதிக்காத கால்கள் போடும்! உலகமே அழிந்த பிறகும் அந்த நாவலில் ஒருத்தி மனுஷியாக மிஞ்சுகிறாள் என்றால், அந்தப் பாதையால்தான் மிஞ்சுகிறாள்.

வானம் கறுத்தால் நான் இன்றும் வாசலுக்கு ஓடி ஓடிப் பார்க்கிறேன். ஆனால் என் மகள் அதோ, அத்தை மடியில் நிம்மதியாகத் தூங்குகிறாள். இந்த ஊர்க்காரி என்று சொல்லிக்கொள்வதில் என்னைவிடப் பெருமைப்படுகிறவர் யாராவது இருந்தால் எழுந்து நில்லுங்கள், பார்ப்போம்!

அட... என்னங்க, எல்லாரும் எழுந்துட்டீங்க?

நிற்கும் அந்தக் கால்களுக்கே என் நன்றி, என் வணக்கம்!