இடது பக்கம் உட்கார்ந்தவர்

மணி இரவு பதினொன்றேகால். காங்கேயத்துக்குத் தெற்கே, தேங்காய்க் களங்களைத் தாண்டிப் போகிற சாலை. ஒரு விளக்கும் கிடையாது. தேங்காய்ப் பருப்புக்குப் போட்ட கந்தகப் புகை மூக்கை அறுக்கும். அங்கே தனியாக நிற்கிறது பாலுசாமியின் ஒர்க்‌ஷாப். நம்ம சம்பந்தி தனபாலின் தம்பிதான். மெக்கானிக் சாதியில் ஒருத்தனையும் நான் நம்புவதில்லை. இவன் சொன்னதை மட்டும்... சரி, கேளுங்கள். நடுவில் எவனும் எழுந்து போகக் கூடாது.

தூரத்திலேயே சத்தம் கேட்டது. டொக்... டொக்... டொக்.

வந்தது லியோ. வாடகைக் கார் ஓட்டுகிறவன். முன்பக்கம் இடது சக்கரத்தைத் தாங்குகிற ஆர்மில் ரப்பர் புஷ் கிழிந்து போயிருந்தது. மூன்று மாதத்தில் நாலாவது தடவை. வலது பக்கம் சுண்டுவிரல் அளவுக்கும் குறையில்லை. இடதுதான்.

காலை ஆறு மணிக்கு அவன் அக்கா ரூத் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். போன தடவை பல்லடத்தில் வண்டி படுத்துவிட்டது. அவள் மூச்சு வாங்கிப் பிழைத்து வந்ததே பெரும்பாடு.

"இந்த வண்டியோட பழைய மொதலாளி எடது சீட்டுலயே, கோடாலித் தைலமும் கையுமா உயிர உட்டாருங்கண்ணா. அவருதான் எறங்க மாட்டேங்கறாருங்க. பாஸ்டரக் கூட்டியாந்து ஜெபம் பண்ணீறலாங்களா?"

"பாஸ்டர் வந்து போல்ட்டு முறுக்குவாராடா? தப்பா முறுக்குனவன உட்டுப்போட்டு, செத்தவரு மேல பழி போடறயே. வெக்கமா இல்ல?"

பாலுசாமி பழைய புஷ்ஷைத் தட்டி எடுத்தான். துவாரத்தைத் துடைத்து, சோப்புத் தண்ணீர் தடவி, புதுசைப் பிரஸ்ஸில் வைத்து அழுத்தினான். ஆர்மை மாட்டி, போல்ட்டைக் கையால் மட்டும் முறுக்கி விட்டான். இங்கேதான் மற்றவர்கள் கோட்டை விடுவார்கள். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே இறுக்கிவிடுவார்கள். வண்டி இறங்கினதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு கிழியும். தரையில் நின்று, வழக்கமான பாரம் ஏறிய பிறகுதான் கடைசி முறுக்கு.

ஜாக்கியை இறக்கி, வண்டியை, அடியில் நின்று வேலை பார்க்கிற குழி மேல் தள்ளி நிறுத்தினார்கள். பாலுசாமி ஸ்பேனரோடு குழிக்குள் இறங்கினான். லியோ தள்ளி, கதவோரம் நின்றான்.

க்ரீச்...

சீட்டு ஸ்பிரிங். தலைக்கு நேர் மேலே. வண்டியின் இடது பக்கம் இரண்டு விரற்கடை இறங்கியது. கோடாலித் தைல வாசம் குப்பென்று அடித்தது.

"டேய், வண்டில ஏறுனயா?"

"இல்லீங்கண்ணா... இங்கதான் நிக்கறனுங்க."

குரல் கதவோரத்திலிருந்தே வந்தது.

வேறு ஆளாக இருந்தால் குழியிலேயே மயங்கியிருப்பான். பாலுசாமிக்குக் கோபம்தான் வந்தது. கோபத்தோடு ஒன்று புரிந்தது. இத்தனை நாளும் எல்லோரும் வெறும் வண்டியை வைத்து இறுக்கியிருக்கிறார்கள். இந்த வண்டிக்கு வழக்கமான பாரம் இதுதான்.

"ஏனுங்க... உக்காந்தது உக்காந்தீங்க. முறுக்கி முடிக்கற வரைக்கும் அசையப்படாது. அப்பறமும் எறங்கப்படாது. எறங்குனா புஷ்ஷு கிழியும். கிழிஞ்சுதுன்னா உங்கள நான் சும்மா உட மாட்டேனுங்க."

ஸ்பேனரை மாட்டி இழுத்தான். போல்ட் கெட்டியாக நின்றது. மேலே... சத்தமே இல்லை.

காலையில் ரூத் நேரத்துக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தாள். நாலு மாதம் வண்டி வாய் திறக்கவில்லை.

அப்புறம் ஒரு நாள், விளக்கு வைக்கிற நேரம். டொக்... டொக்...

பாலுசாமி புஷ்ஷைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தான். ரப்பர் கிழிந்திருந்தது. ஆனால் எதிர் வாக்கில். பாரம் ஏறினால் ஒரு பக்கமாகத் திருகும். இறங்கினால் மறு பக்கமாக.

"ஆளு எறங்கீட்டாருடா. எப்ப இருந்து சத்தம்?"

"முந்தாநேத்துங்கண்ணா. அக்காவ ஊட்டு வாசல்ல எறக்கி உட்டுப்போட்டு, வண்டியத் திருப்பறப்ப ஆரம்பிச்சதுங்க."

பாலுசாமி புதுப் புஷ்ஷைப் போட்டான். போல்ட்டை அரை முறுக்கில் விட்டான். அதே வண்டியில் நத்தை மாதிரி ஊர்ந்து லியோ வீட்டுக்குப் போனார்கள்.

ரூத் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். கட்டிலை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் யாரும் இல்லை. ஆனால் நாலு காலும் அகன்று வளைந்திருந்தன.

லியோ வாசற்படியிலேயே நின்றுவிட்டான். பாலுசாமி ஸ்பேனரோடு நேராக நாற்காலி முன்னால் போய் நின்றான்.

"எந்திரிங்க. உங்களுக்கு எடம் வண்டில. இங்க இல்ல. இந்த அம்மணி இன்னும் நூறு தடவ கோயமுத்தூர் போவும், வரும். போல்ட்ட நான் நூறு தடவ முறுக்குவேன். உங்களால ஆனதப் பாருங்க."

ஒன்றுமில்லை. சுவர்க் கடிகாரம் மட்டும்.

பிறகு... டக். நாற்காலிக் கால்கள் நேராயின.

பாலுசாமி வாசலுக்கு வந்தான். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் விரலை நுழைத்து வைத்துக்கொண்டு குந்தினான். ஆள் ஏறினதும் வண்டி இறங்கும். இறங்கினதும் இறுக்கிவிடலாம். ஐந்து நிமிடம். பத்து நிமிடம்.

வண்டி இறங்கவில்லை.

ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தான். ரூத் தூக்கத்திலேயே சுவரோரமாக நகர்ந்து, பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டுப் படுத்தாள்.